காற்றுக்குக் கொடுக்கும் கூலி

ஓலைக்கூடையும் கோரைப்பாயும் மண்பாண்டமும் இணைய வழியே விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களின் பனையோலைக் கூடைகளையும், பத்தமடையின் கோரைப் பாய்களையும், மானாமதுரையின் மண்பாண்டங்களையும், போடி வட்டாரத்து இலவம்பஞ்சுத் தலையணைகளையும் கொள்முதல் செய்து, வீட்டில் உள்ள ஓர் அறையையே பண்டசாலையாக்கி, கையிலுள்ள கைப்பேசி ஒன்றையே கடைவீதியாகக் கொண்டு தேசமெங்கும் வியாபாரம் செய்யத் துணிந்திருக்கும் உங்கள் முயற்சியை நான் மனமார மதிக்கிறேன். உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை அஞ்சலகத்துப் பார்சல் கவுண்டரிலே கழித்தவன் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பிறகு உங்களில் சிலருடைய வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பார்சல் கட்ட உதவி வருபவன் என்ற முறையிலும், இந்த மடலை எழுதும் உரிமை எனக்கு ஓரளவு உண்டென்று நம்புகிறேன்.

உங்களை எங்கே சந்தித்தாலும் நான் கேட்கும் முறையீடு ஒன்றே. கூடையின் விலையைக் காட்டிலும் கூரியர் கூலி அதிகமாகிவிடுகிறது என்பதும், அந்தக் கூலியைச் சொன்ன மாத்திரத்தில் வாங்க வந்தவர் மௌனமாகி விடுகிறார் என்பதும், கூலியை நாமே ஏற்றுக்கொண்டால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதும் அந்த முறையீட்டின் சாரம். முறையீடு நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பரிகாரம் தேடி நீங்கள் ஒரு கூரியர் நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி அலைவதைக் காணும்போதெல்லாம், பரிகாரம் இருக்கும் இடம் வேறு என்று சொல்லத் தோன்றுகிறது. கூடையைப் பின்னுகிறவரின் கை முதல் ஓலையை மடிக்கும் அந்த க்ஷணத்திலேயே உங்கள் தபால் செலவில் பெரும்பகுதி நிச்சயமாகிவிடுகிறது. பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டும்போது நாம் குறைக்கக்கூடியது அதில் எஞ்சிய சிறுபகுதியே. இதைத்தான் இந்த மடலில் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கூலி எப்படி ஏறுகிறது என்பதை முதலில் நோக்குவோம். இன்று பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் ஒரு பார்சலுக்கு இரண்டு எடைகளைக் கணக்கிடுகின்றன: ஒன்று தராசு காட்டும் எடை; மற்றொன்று, பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, வந்த தொகையை 5000-ஆல் வகுத்தால் கிலோவில் கிடைக்கும் கன எடை, அதாவது அவர்கள் வால்யூமெட்ரிக் வெயிட் என்று சொல்வது. வகுக்கும் எண் சில நிறுவனங்களில் 4000 என்றோ 4500 என்றோ குறைந்திருக்கும். குறையக் குறைய நமக்குச் செலவு கூடும். இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்கே கூலி. அழுக்குத் துணி போட்டு வைக்கும் பெரிய ஓலைக்கூடை ஒன்றை 40-க்கு 40, உயரம் 50 என்ற பெட்டியில் வைத்தீர்களானால், தராசில் அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமற் போகலாம். ஆனால் கணக்கில் அது 16 கிலோ. மீதமுள்ள பதினான்கரைக் கிலோவும் கூடைக்குள் இருக்கும் வெறும் காற்று. அந்தக் காற்றை ஏற்றிச் செல்வதற்குத்தான் உங்கள் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தயங்குகிறார். அவர் தயங்குவதிலும் பிழையில்லை. கூரியர்காரரையும் நாம் நோவதற்கில்லை; அவருடைய வண்டி பாரத்தால் நிரம்புவதற்கு வெகு முன்னதாகவே இடத்தால் நிரம்பிவிடுகிறது, இடத்தைத்தான் அவர் விற்கிறார்.

இந்தச் சங்கடம் இணையத்தோடு பிறந்ததன்று. வியன்னாவில் தொழில் நடத்திய மிகாயேல் தோனெட் என்பவர் 1859-ஆம் ஆண்டில், மரக்கோல்களை நீராவியில் பதமாக்கி வளைத்து, 14-ஆம் எண் நாற்காலி என்று இன்றும் புகழுடன் விளங்கும் ஒரு நாற்காலியைச் செய்தார். அதன் அழகைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அதன் அழகைவிட அது பிரயாணம் செய்த விதமே பெரிதாகத் தோன்றுகிறது. ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள் என்று பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர் கொள்ளும் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. போய்ச் சேர்ந்த ஊரில் அவற்றைப் பூட்டிக்கொண்டார்கள். 1930-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5 கோடி நாற்காலிகள் விற்பனையாயின என்றால், கடல் கடந்து போவதற்கு அவை இவ்வளவு சிறு இடத்தில் ஒடுங்கியதும் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் கம்மாளர்கள் வார்க்கும் குத்துவிளக்கைப் பாருங்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியே வார்த்து, கடைந்து, திருகிப் பூட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆளுயர விளக்கைக்கூடக் கழற்றிப் பரணில் வைக்கலாம், மாட்டு வண்டியில் சீர்வரிசையோடு அனுப்பலாம், தேய்த்துக் கழுவ ஒரு பாகத்தை மட்டும் எடுக்கலாம். பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் யுக்தி நம் கைத்தொழிலாளருக்குப் புதியதன்று. குத்துவிளக்கு விற்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பிரித்த பாகங்களைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றுங்கள், பித்தளையைப் பித்தளை உரசினால் விழும் கீறல் பிறகு எந்தப் புளிக்கும் போகாது.

விளக்குக்கு அமைந்த அந்த யுக்தியைக் கூடைக்கு எப்படிக் கொண்டுவருவது? பின்னுகிறவரோடு உட்கார்ந்து பேசித்தான். அடியும் வாயும் ஒரே அகலமாக, செங்குத்தான பக்கங்களோடு பின்னப்பட்ட கூடைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கமாட்டா. வாயைச் சற்றே அகட்டி, அடியைச் சற்றே ஒடுக்கிப் பின்னினால், ஒரே அளவுள்ள கூடைகளும் ஒன்றனுள் ஒன்றாய் இறங்கி அமரும். முதற் கூடைக்கு மேல் ஒவ்வொரு கூடையும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான் உயரம் கூட்டும் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அளவுள்ள ஐந்து கூடைகள் 40-க்கு 40, உயரம் 70 என்ற ஒரே பெட்டியில் அடங்கிவிடும். மொத்தக் கன எடை 22.4 கிலோ, கூடை ஒன்றுக்கு நாலரைக் கிலோ. தனியே போனால் 16 கிலோவாகக் கணக்கிடப்படும் அதே கூடைதான் இது. அளவு குறைந்துகொண்டே வரும் மூன்று கூடைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து விற்பதும் இதே பயனைத் தரும். பெரிய கூடை போகும் செலவில் மற்ற இரண்டும் சும்மா பிரயாணம் செய்யும். நீங்கள் பின்னுகிறவரிடம் புதிய வர்ணங்களையும் புதிய பூவேலைகளையும் கேட்கிறீர்கள். வாய் இரண்டு விரற்கடை அகலட்டும் என்று கேட்பதில்லை. கைப்பிடியை நிரந்தரமாகத் தைத்துவிடாமல், வாங்குபவர் கோத்து முடிந்துகொள்ளும்படி விட முடியுமா என்றும் கேட்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி ஒன்று, பெட்டியின் உயரத்தில் ஒரு சாணைத் தின்றுவிடுகிறது.

ஆனால் ஒன்று: புதிய அமைப்புக்குக் கை பழகும்வரை அவருக்கு வேலை மந்தப்படும். அந்த நாட்களின் கூலியையும் நீங்களே தரவேண்டும். உங்களுக்கு மிச்சமாகப்போகும் செலவின் முதல் பயன் அவருக்குச் சேருவதுதான் தர்மம்.

கோரைப்பாயின் விஷயம் வேறு. பாயிலே பருத்தி நூல் பாவாக ஓட, கோரை அதன் குறுக்கே ஊடையாக நெய்யப்படுகிறது. ஆகவே கோரைக்கு இணையாகச் சுருட்டினால் பாய்க்கு யாதொரு ஹானியும் இல்லை. கோரைக்குக் குறுக்கே மடித்தால் தட்டை முறிந்து, மடிப்புக் கோட்டிலே நார் நாராகப் பிரியும். பத்தமடையின் மெல்லிய பட்டுப்பாய் துணிபோல் குழைவது உண்மையாயினும், முரட்டுப் பாயை அவ்வாறு எண்ணி மடித்துவிடக் கூடாது. மூன்றடி அகலப் பாயை இறுகச் சுருட்டினால் 92 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்ட உருளையாகும். உருளையையும் பெட்டியாகவே அளப்பார்கள், கன எடை 2.65 கிலோ. அதே பாயைத் தளர்வாகச் சுருட்டி, மேலே குமிழி உறையை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறுக்களவு 15 ஆகிவிட்டால் கன எடை 4.14 கிலோ. ஒன்றரைக் கிலோவின் கூலி மூன்று சென்டிமீட்டர்த் தளர்ச்சியிலே போய்விடுகிறது. பாய்க்குக் குமிழி உறை எதற்கு? அது உடைகின்ற பொருளன்று. முழங்கால் கொடுத்து அழுத்திச் சுருட்டி, மூன்று இடங்களில் பருத்திக் கயிற்றால் இறுக்கி, இரண்டு முனைகளுக்கும் வட்ட அட்டை வைத்து, சாக்கிலே தைத்துவிட்டால் அது கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் வரை போகும்.

தைப்பது என்று சொன்னேன். என் காலத்தில் பார்சல்கள் காடாத் துணியில் தைக்கப்பட்டுத்தான் பெரும்பாலும் வரும். கோணி ஊசியால் சீராகத் தைத்து, முடிச்சுகளின்மேல் அரக்கு முத்திரை வைத்து, மையால் விலாசம் எழுதிக் கொண்டுவருவார்கள். அந்தத் தையல் சாமானின் உடலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியைப்போல நான்கு மூலைகளிலும் வெற்றிடம் விடாது. உடையாத சாமான்களாகிய கூடை, பாய், விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றுக்கு அட்டைப்பெட்டி வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஈரம் புகாத பின்னல் சாக்கும், ஒரு கோணி ஊசியும், சணலும் போதும். தலையணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: இலவம்பஞ்சு அழுத்தத்துக்கு வெகுவாக ஒடுங்கும், வெயிலில் வைத்தால் மீண்டும் உப்பும். காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளில் அனுப்பி, பிரித்தவுடன் ஒரு பகல் வெயிலில் போடும்படி ஒரு சீட்டு எழுதி வையுங்கள். தொலைதூரத்துக்கு உறையை மட்டும் விற்பது அதனினும் உத்தமம்.

உடையும் சாமான்களுக்குப் பெட்டி அவசியம். அதிலேதான் செலவும் அபாயமும் நேருக்கு நேர் மோதுகின்றன. 30 சென்டிமீட்டர்ச் சதுரப் பெட்டி போதுமான இடத்தில், கையில் இருந்ததென்று 35 சென்டிமீட்டர்ப் பெட்டியை எடுத்தால், கன எடை 5.4 கிலோவிலிருந்து 8.5 கிலோவுக்கு மேல் தாவிவிடுகிறது. ஆயினும் பெட்டியைச் சுருக்குகிறேனென்று மண்சட்டியின் விளிம்பு அட்டையைத் தொடும்படி வைத்தால், முதல் வீழ்ச்சியிலேயே சட்டி இரண்டாகும். சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைக் கசக்கிய காகிதத்தாலோ தென்னை நாராலோ கெட்டியாக நிரப்புவது சட்டிக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மரியாதை. சட்டியின் வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்தை வீணாக்காதீர்கள். அகல் விளக்குகளையும் சிறு கிண்ணங்களையும் காகிதத்தில் சுற்றி அதற்குள் வையுங்கள், சட்டிக்கும் உள்பலம், உங்களுக்கும் மற்றொரு விற்பனை. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பின்மேல் நிற்கும்படி வைத்தால், மேலிருந்து வரும் அடியை அவை நன்கு தாங்கும். விளிம்பு, காது, மூக்கு என்ற மூன்று இடங்களில்தான் மண்பாண்டம் முதலில் உடையும். அங்கே இரட்டிப்பாகச் சுற்றுங்கள்.

மண்ணுக்கு ஐந்தடுக்கு அட்டை, இலேசான சாமான்களுக்கு மூன்றடுக்கு அட்டை என்பது பொது விதி. அட்டையின் நடுவே இருக்கும் நெளிவுகள் பக்கச் சுவர்களில் மேல்கீழாக நிற்கவேண்டும். படுத்துக் கிடந்தால், மேலே நாலு பெட்டி ஏறியவுடன் சுவர் நசுங்கும். பழைய பெட்டிகளை மறுபடி உபயோகிப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை, ஈரம் கண்ட பெட்டியை மட்டும் தொடாதீர்கள். ஒரு முறை நனைந்து உலர்ந்த அட்டை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், தன் பலத்தைப் பெரிதும் இழந்துவிட்டதாகும். கட்டி முடித்த பெட்டியைப் பரீட்சிக்கவும் ஒரு முறை உண்டு. இடுப்பளவு உயரத்திலிருந்து, ஒரு மூலையின்மேல் ஒருமுறை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகளின்மேல் ஒவ்வொரு முறை, ஆறு முகங்களின்மேல் ஒவ்வொரு முறை என்று பத்துத் தடவை கீழே போட்டுப் பார்ப்பது சர்வதேச அளவில் வழங்கும் பரீட்சை. புதிய சாமான் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவருமுன் இப்படி ஒரு பெட்டியைத் தியாகம் செய்யுங்கள். அசைத்துப் பார்த்தால் உள்ளே சிறு சப்தமும் கேட்கலாகாது.

ஐப்பசி கார்த்திகை மழையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஓலையும் கோரையும் ஈரத்தில் பதப்படுத்தியே வேலை செய்யப்படுவன. மேலே காய்ந்ததாகத் தோன்றும் கூடையின் பின்னல் இடுக்கில் ஈரம் தங்கியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி அனுப்பினால், ஒரு வார காலத்தில் கரும்புள்ளியாய்ப் பூஞ்சை பூத்துவிடும். வாங்கியவர் பிரித்தவுடன் முகத்தில் அடிப்பது அதன் வாடைதான். மழைநாளில் தயாரான சரக்கை இரண்டு மூன்று நல்ல வெயில் காணும்வரை அனுப்பாமல் வைத்திருங்கள், தாமதத்தை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். உள்ளே காகிதமும் வெளியே மட்டும் பிளாஸ்டிக்கும் என்பதே சரியான கிரமம்.

எந்த மார்க்கமாக அனுப்புவது என்பதில் ஒரே விடை இல்லை. தலையணை உறை, பட்டுப்பாய், பித்தளை விளக்கு போன்ற கெட்டியான, இடம் கொள்ளாத சாமான்களுக்குத் தபால் மிகவும் சௌகரியம். கூரியர் வண்டி எட்டாத குக்கிராமத்துக்கும் தபால்காரர் போவார். கன எடை பார்க்கும் சேவை எது, பாராத சேவை எது என்பதை அனுப்புகிற காலத்தில் கவுண்டரிலே கேட்டு நிச்சயித்துக் கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பருமனான கூடைகள் நம் மாநிலத்துக்குள் போவதானால் பஸ் பார்சலுக்கு இணை கிடையாது: சாயங்காலம் ஏற்றினால் விடியற்காலையில் இறங்கிவிடும். அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022-ஆம் ஆண்டிலிருந்து பார்சல் ஏற்றுகிறார்கள். வாங்குபவர் பஸ் நிலையத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவேண்டும் என்பது ஒன்றே அதில் உள்ள சிரமம். பெரும்பாலோர் கூலியைக் கேட்டவுடன் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ ஒரு கடைக்காரருக்கு மொத்தமாக அனுப்பும்போது லாரி பார்சல் ஆபீஸுக்குப் போங்கள். அங்கே உருப்படிக் கணக்கில் பேசி முடிக்கலாம். ரசீதை மட்டும் பத்திரமாக வாங்கிக் கொள்ளுங்கள்.

இனி விலையைப் பற்றி. அனுப்பும் கூலி இலவசம் என்று விளம்பரம் செய்து, அதை விலைக்குள்ளே மறைத்து வைக்கும் வழக்கம் பெரிய நிறுவனங்களைப் பார்த்து உங்களிடமும் பரவி வருகிறது. மதுரைக்காரர் வாங்கும் கூடையில் டில்லிக்காரருடைய கூலியும் சேர்ந்திருப்பது நியாயமா? தூரத்துக்குத் தக்கபடி கூலியைத் தனியே காட்டுங்கள். இரண்டு கூடை எடுத்தால் கூலி சிறிதளவே ஏறும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். மறைக்கப்பட்ட கூலி கடைசியில் எங்கே போய் விடிகிறது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். லாபம் போதவில்லை என்றதும் கடைக்காரர் கூரியரோடு பேரம் பேச முடியாது, பெட்டி வியாபாரியோடு பேச முடியாது, பேசக்கூடியது பின்னுகிற கிழவியோடு மட்டுந்தான். கூடைக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள் என்று அவளிடம் போய் நிற்கிறார். ஓலை வாரி, காயவைத்து, சாயம் ஏற்றி, விரல் நுனி வெடிக்கப் பின்னியவளுடைய கூலியிலிருந்து காற்றின் கூலியைக் கொடுப்பது பெரும் அநியாயம். இதைச் செய்யாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் முறை நம் தேசத்தில் பழமையானது. 1877-ஆம் ஆண்டிலேயே தபால் இலாகா அதை வி.பி.பி. என்ற பெயரில் ஏற்படுத்திவிட்டது, நம் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் அதனாலேயே ஊர் ஊராகப் புத்தகங்களைக் கொண்டுசேர்த்தன. புத்தகம் திரும்பி வந்தால் நஷ்டம் அற்பம். பெரிய கூடை திரும்பி வந்தால் போகவும் வரவும் கூலி உங்கள் தலையில் விழும். ஆகவே அனுப்பும் கூலியை மட்டுமாவது முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, சாமானின் விலையைப் பிறகு வாங்குங்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் அதற்குத் தயங்குவதில்லை.

கடைசியாக, ஓர் ஊரில் உள்ள நாலைந்து பேர் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. தனி ஒருவர் இருபது பெட்டி கேட்டால் பெட்டி உற்பத்தியாளர் திரும்பியும் பாரார். ஐந்து பேர் சேர்ந்து மூன்றே அளவுகளை நிச்சயித்து மொத்தமாகக் கேட்டால் விலையும் இறங்கும், அளவும் நமக்குத் தக்கதாக அமையும். அந்த மூன்று அளவுகளைப் பின்னுகிறவர்களிடமும் குயவர்களிடமும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அதற்குள் அடங்கும்படி சரக்கு உருவாகட்டும். கூரியரோடு ஒப்பந்தம் பேசுவதையும், தினமும் ஒரே இடத்திலிருந்து பார்சல் எடுத்துப் போகச் சொல்வதையும் ஒருவர் பெயரிலே வைத்துக்கொள்ளலாம். அனுப்புமுன் ஒவ்வொரு பார்சலையும் தராசின் மேல் வைத்து ஒரு படமும், மூன்று பக்கங்களிலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து மூன்று படங்களும் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். அளவு கூடுதல் என்று பிறகு பில் வரும்போது, வாதாட உங்களிடம் உள்ள ஆதாரம் அது ஒன்றுதான். விலாசச் சீட்டு சாக்கின்மேல் ஒட்டாமல் உரிந்துபோவது உண்டாகையால், பின்கோடையும் கைப்பேசி எண்ணையும் அழியாத மையால் சாக்கிலேயே எழுதிவிடுங்கள், உள்ளேயும் ஒரு சீட்டை வையுங்கள்.

தீபாவளி விற்பனை ஆவணியிலேயே தொடங்கிவிடுகிறது. பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர நாளாகும். ஆகவே ஆடி முடிவதற்குள் உங்கள் ஊரில் கூடிப் பேசி, அந்த மூன்று அளவுகளையும் தீர்மானித்துவிடுங்கள். கூடும் இடத்துக்குப் பின்னுகிறவர்களையும் அழைத்து, அவர்களுக்கும் பாயிலே இடம் கொடுங்கள். நானும் அளவு டேப்போடு வருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன்